மூன்று முறை படித்தும் பரீட்சையில் நான்கு வரிதான் வந்தது. எப்படிப் படிப்பது?

மஞ்சள்கோடு:

வணக்கம். கல்லூரியில் முதலாம் ஆண்டு, ஃபிசியாலஜி (உடல் இயங்கும் விதம் பற்றியது) ஒரு பாடம். அதில் தோற்றுவிட்டேன். நடந்ததை முழுதாகச் சொன்னால்தான் எங்கே தவறு என்று யாராவது சொல்ல முடியும், அதனால் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

சிறுநீரகம் பற்றிய அத்தியாயம் 46 பக்கம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மூன்று முறை படித்தேன். முதல் முறை வெறும் வாசிப்பு. இரண்டாம் முறை மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டேன். மூன்றாம் முறை கோடு போட்டதை மட்டும் பார்த்தேன். அந்த மூன்றாம் முறை எல்லாமே தெரிந்த மாதிரி இருந்தது, எந்த வரியிலும் தடுமாறவில்லை.

பரீட்சையில் ‘ஹென்லே வளைவு சிறுநீரை அடர்த்தியாக்க எப்படி உதவுகிறது, விளக்குக’ என்று 10 மதிப்பெண் கேள்வி. சிறுநீரகத்தின் நுண்குழலில் ‘யு’ மாதிரி வளையும் பகுதிதான் அது. அதன் படம் இடது பக்கத்தில் மேலே இருந்தது நினைவுக்கு வந்தது. படத்துக்குக் கீழே நான் மூன்று வரிக்குக் கோடு போட்டிருந்ததும் வந்தது. அந்த மூன்று வரியில் என்ன இருந்தது என்பது மட்டும் வரவே இல்லை. நான்கு வரி எழுதிவிட்டு எழுந்து வந்தேன்.

நான் சோம்பேறி இல்லை. தினமும் ஐந்து மணி நேரம் உட்கார்கிறேன். மறுதேர்வுக்கு 24 நாள் இருக்கிறது. மொத்தம் ஐந்து அத்தியாயம், சுமார் 190 பக்கம். என் ஞாபக சக்தியே இவ்வளவுதானா, இல்லை படிக்கும் விதத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமா? அனுபவப்பட்ட அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்.


பழையநோட்டு:

தம்பி, படம் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருந்தது என்பது வரை சொல்கிறீர்கள். உங்கள் ஞாபக சக்திக்கு ஒரு குறையும் இல்லை. பார்த்ததும் ‘இது தெரியும்’ என்று அடையாளம் காண்பது ஒன்று, பார்க்காமல் எடுத்துச் சொல்வது இன்னொன்று. மூன்று முறையும் முதலாவதைத்தான் பழகியிருக்கிறீர்கள். பரீட்சையில் இரண்டாவதைக் கேட்டார்கள்.

நானும் இதே பாடத்தில் ஒரு முறை தோற்றவள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். அப்போது விடுதியில் என் அறையில் ஒரு அக்கா இருந்தார். இதயம் பற்றிய அத்தியாயத்தை இரண்டு நாள் மாலையில் படித்து முடித்துவிட்டு ‘முடித்துவிட்டேன்’ என்று அவரிடம் சொன்னேன். அவர் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடி, ‘சரி, சொல்லு’ என்றார். ஒன்றரை நிமிடம் பேசினேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டு மாலை உழைப்பு ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிட்டதே என்று அன்று இரவு அழுதேன். மறுநாளும் அவர் புத்தகத்தை வாங்கினார், மூன்று நிமிடம் பேசினேன். அந்தப் பருவம் முழுக்க அவர் செய்த உதவி அது ஒன்றுதான். வேறு எந்தக் குறிப்பும் சொல்லித் தரவில்லை.

அது ஏன் வேலை செய்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் ஒரு சிறு பகுதியை ஒரு முறை படித்தார்கள். அப்புறம் ஒரு குழுவுக்கு அதையே இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழு பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதியது, எழுதியதைச் சரிபார்க்கக்கூட விடவில்லை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. அந்த 81-ஐ நன்றாகப் பாருங்கள் தம்பி. மூன்றாம் முறை படித்தபோது ‘எல்லாம் தெரிந்த மாதிரி’ உங்களுக்கு இருந்தது அதுதான். அது பொய்யில்லை, அந்த நேரத்துக்கு உண்மை. ஒரு வாரம் தாங்காது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் 46 பக்கத்துக்கு வருகிறேன்.

படிக்கத் தொடங்கும் முன் பத்து நிமிடம் தலைப்புகள், படங்கள், அத்தியாயத்தின் முடிவில் உள்ள கேள்விகள், இவற்றை மட்டும் புரட்டுங்கள். ஒவ்வொரு தலைப்பையும் ஒரு கேள்வியாக மாற்றி ஒரு தாளில் எழுதுங்கள். ‘குளோமெருலஸ் வடிகட்டுதல்’ (குளோமெருலஸ் என்பது இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு) என்று தலைப்பு இருந்தால், ‘எது குழலுக்குள் இறங்குகிறது, எது இரத்தத்திலேயே நின்றுவிடுகிறது, ஏன்?’ என்று எழுதலாம். 1946-இல் ஃபிரான்சிஸ் ராபின்சன் என்பவர் பாடநூல் படிக்க ஐந்து படி கொண்ட ஒரு முறையைச் சொன்னார்: மேலோட்டமாகப் பார், கேள்வி கேள், படி, பார்க்காமல் சொல், திரும்பிப் பார். ஐந்தையும் பக்தியோடு பின்பற்றிய காலம் எனக்கும் உண்டு. உயிர் இருப்பது இரண்டாவதிலும் நான்காவதிலும்தான் என்பது என் எண்ணம்.

அப்புறம் ஒரு தலைப்பின் கீழ் உள்ள இரண்டு மூன்று பக்கத்தை மட்டும் படியுங்கள். கையில் பேனா, ஹைலைட்டர் எதுவும் வேண்டாம். பேனா கையில் இருந்தால் ‘இது முக்கியம்’ என்று கோடு போட்டுவிட்டு மனம் அடுத்த வரிக்குப் போய்விடும். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் நீல மையில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். வாக்கியம் அழகாக இருக்க வேண்டியதில்லை. முட்டி நிற்கும்போது உடனே திறக்காதீர்கள், ஒரு நிமிடமாவது திணறுங்கள். அதன் பிறகு திறந்து, விட்டதையும் தவறாக எழுதியதையும் சிவப்பில் சேருங்கள். அந்தச் சிவப்புதான் நாளைக்கு நீங்கள் படிக்க வேண்டிய பாடம். நீலத்தில் வந்ததற்கு மறுபடி நேரம் செலவழிக்காதீர்கள்.

உங்கள் அத்தியாயத்தில் இரண்டு எண் இருக்கும், அவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. வெளியே போவது சுமார் ஒன்றரை லிட்டர். மிச்சம் 178 லிட்டருக்கு மேல் எங்கே போனது? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் மீதி அத்தியாயம் முழுக்க அதற்கான பதிலாகவே வரும். வடிகட்டியதும் முதலில் வரும் அண்மைச் சுருள் குழலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீரும் உப்பும் திரும்பி வருகின்றன. குளுக்கோஸ் அங்கேயே முழுவதும் திரும்பிவிடுகிறது. அடுத்து வரும் ஹென்லே வளைவில் இன்னும் கொஞ்சம். கடைசியில் எவ்வளவு நீரை விடுவது, எவ்வளவு பிடித்துவைப்பது என்று முடிவாவது கடைசிக் குழாயான சேகரிப்பு நாளத்தில். தனித்தனியாக மனப்பாடம் செய்த நான்கு பத்திகள் இப்படி ஒரே கணக்குக்குள் உட்காரும். எனக்கு இந்த அத்தியாயம் பிடித்துப்போனதே அந்தக் கழித்தலுக்கு அப்புறம்தான்.

படங்களையும் மூடிவிட்டு வரையுங்கள். நன்றாக வரைய வராது என்பவர்கள்கூட ஒரு ‘யு’ வரைந்து நான்கு அம்புக்குறி போட முடியும். எந்த அம்பு எந்தப் பக்கம் என்பதில்தான் புரிதல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஹைலைட்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 2013-இல் டன்லாஸ்கியும் உடன் பணியாற்றிய உளவியலாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை வைத்து எடை போட்டார்கள். கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பலன் என்ற வரிசையில் வந்தன. தன்னைத் தானே சோதிப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் உச்சத்தில் இருந்தன. அதனால் கோடு போடுவதாக இருந்தால் எழுதிப் பார்த்த பிறகு, நினைவுக்கு வராத வரிக்கு மட்டும் போடுங்கள். முதல் நாள் பக்கம் முழுக்க மஞ்சளாக இருக்கும். மூன்றாம் தடவை இரண்டு மூன்று வரிதான் இருக்கும்.


எண்கணக்கன்:

அக்கா சொன்னதோடு கணக்குப் பாடம் படிப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன், தேடி வருபவர்கள் யாருக்காவது உதவும்.

கணக்குப் புத்தகத்தில் ஏமாற்றுவது, செய்து காட்டிய எடுத்துக்காட்டுகள். ஒவ்வொரு படியையும் கண்ணால் தொடர்ந்து ‘ஆமாம், சரி’ என்று தலையாட்டினால் கணக்குத் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். நான் ஒரு அட்டையை வைத்து விடையை மூடிவிடுவேன். ஒரு வரி மட்டும் திறப்பேன், அடுத்த வரி என்ன என்று எழுதிவிட்டுத்தான் அட்டையை இறக்குவேன். என் வரியும் புத்தக வரியும் வேறுபட்டால் அங்கேயே நிற்பேன்.

இரண்டாவது, ஒரே வகைக் கணக்கை வரிசையாக இருபது போடாதீர்கள். 2007-இல் ரோரர், டெய்லர் என்ற இருவர் திண்ம உருவங்களின் கன அளவு கண்டுபிடிக்கும் கணக்குகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வகை வகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் பிரித்துப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. காரணம் எளிது. பிரித்துப் போடும்போது எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டாம், பக்கத்தின் தலைப்பே சொல்லிவிடும். பரீட்சைத் தாளில் அந்தத் தலைப்பு இருக்காது.


மஞ்சள்கோடு:

அக்கா, இரண்டு நாளாக அப்படியே செய்து பார்த்தேன். நேற்று மூன்று மணி நேரத்தில் 11 பக்கம்தான் முடிந்தது. முன்பு இதே நேரத்தில் 40 பக்கம் போவேன். முதல் தாளில் நீலம் ஆறு வரி, மிச்சம் எல்லாம் சிவப்பு. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. மறைக்காமல் சொல்கிறேன், இரவில் பயந்துபோய்ப் பழைய மாதிரியே பத்துப் பக்கம் வாசித்துவிட்டுத்தான் தூங்கினேன். இந்த வேகத்தில் 190 பக்கம் முடியுமா?


இரவுஷிப்ட்:

எனக்குப் புத்தகம் ஆங்கிலத்தில், யோசிப்பது தமிழில். இரவு வேலை, பகலில் படிப்பு. ஒரு பத்தியை ஆங்கிலத்தில் படித்து, புத்தகத்தை மூடி, தமிழில் எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். தமிழில் சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள், மறுபடி அந்தப் பத்திக்கே போவேன். சொல்ல வந்தால், அதே விஷயத்தைப் பரீட்சை மொழியில் இரண்டு வரி எழுதுவேன். ஆங்கில வாக்கியத்தை அப்படியே உருப்போட்ட நாட்களில் கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் விழுந்துவிடுவேன்.

கலைச்சொற்களுக்கு மட்டும் அட்டை வைத்திருக்கிறேன். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் சொன்ன பெட்டி முறை. ஐந்து அறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்ப்பேன், பின்னால் போகப் போக இடைவெளி கூடும். ஆனால் ஹென்லே வளைவு மாதிரி ஒரு நிகழ்முறையை அட்டைகளாக நறுக்காதீர்கள். துண்டு துண்டாகத் தெரியும், கோர்வையாகச் சொல்ல வராது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது.


பழையநோட்டு:

தம்பி, பயந்து பழைய மாதிரி வாசித்ததைச் சொன்னதற்கு நன்றி. எல்லோருக்கும் முதல் வாரத்தில் நடப்பதுதான் அது. வழுக்கிக்கொண்டு போகும் வாசிப்பு ஆறுதலாக இருக்கும், அதனால்தான் கை அங்கே போகிறது.

கணக்கைப் பார்ப்போம். மூன்று மணி நேரத்தில் 11 பக்கம். தினமும் ஐந்து மணி நேரத்தில் அரை மணியைப் பழைய தாள்களுக்கு ஒதுக்கினால், மீதி நாலரை மணி நேரத்தில் 16 பக்கம் போகும். 190 பக்கத்துக்கு 12 நாள். உங்களிடம் 22 நாள் இருக்கிறது. முழுதாகப் பத்து நாள் மிச்சம். போன முறை ஒரு பக்கத்துக்கு மூன்று வாசிப்பு என்றால் மொத்தம் 570 பக்கம் வாசித்திருப்பீர்கள். இப்போது செய்வது அதைவிட ரொம்ப மெதுவான வழி இல்லை.

பழைய தாள்களுக்கான அந்த அரை மணி நேரத்தை மட்டும் எந்த நாளும் விட்டுவிடாதீர்கள். 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்தார். மறதி முதல் சில மணி நேரத்தில் மளமளவென்று இறங்கி, அப்புறம் மெதுவாகிறது. அதனால் இன்று படித்ததை நாளையே ஒரு முறை, அப்புறம் மூன்று நான்கு நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம் கழித்து, இப்படித் திரும்பிப் பாருங்கள். திரும்பிப் பார்ப்பது என்றால் தாளை வாசிப்பது இல்லை. உங்கள் கேள்வித் தாளை மட்டும் வைத்து, புதுத் தாளில் மறுபடி எழுதுங்கள். அன்று மூன்று மணி நேரம் எடுத்த 11 பக்கம் மூன்றாம் தடவை இருபது நிமிடத்தில் முடியும். இடையில் கொஞ்சம் மறந்திருப்பது நல்லதுதான். மறந்ததைத் தேடி எடுக்கும் அந்தச் சிரமம்தான் நினைவை நிறுத்துகிறது.

எல்லாப் பக்கத்துக்கும் ஒரே கவனிப்பு தேவையில்லை. பெட்டிக்குள் இருக்கும் கதைகள், நீண்ட அட்டவணைகள், பாடத்திட்டத்தில் இல்லாத நோய் விவரங்கள், இவற்றை ஒரு முறை வாசித்துவிட்டு நகருங்கள். வளைவுக்கு ஒரு மாலை முழுக்கக் கொடுங்கள்.

இரவு தூக்கத்தைக் குறைத்துப் பக்கம் கூட்டாதீர்கள். படிக்கும் நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். இரண்டும் உங்களுக்கே தெரிந்தவைதான்.

இப்போது ஒன்று செய்வோமா? பரீட்சையில் விட்ட அதே கேள்விக்குப் புத்தகத்தைத் திறக்காமல் இங்கேயே பதில் எழுதுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை.


மஞ்சள்கோடு:

சரி அக்கா. மூடிவிட்டேன், எழுதுகிறேன்.

வளைவின் இறங்கும் பகுதி நீரை வெளியே விடும். ஏறும் பகுதி உப்பை வெளியே தள்ளும், ஆனால் நீரை விடாது. தள்ளப்பட்ட உப்பு மெடுல்லாவில், அதாவது சிறுநீரகத்தின் உட்பகுதியில், சேர்கிறது. அதனால் மெடுல்லாவில் கீழே போகப் போக அடர்த்தி கூடும். மேலே சுமார் 300 மில்லிஆஸ்மோல் (அடர்த்தியின் அலகு), அடியில் 1200 வரை. இறங்கும் பகுதியில் நீர் வெளியேற இந்த அடர்த்திதான் காரணம். இப்படியாக ஏறும் பகுதி முடியும் இடத்தில் சிறுநீர் அடர்த்தியாகி வெளியே வருகிறது.

இதற்கு மேல் வரவில்லை. ஆனால் நான்கு வரியைவிட அதிகம்!


பழையநோட்டு:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. கடைசி வாக்கியத்தைத் தவிர எல்லாம் சரி. எண்கள்கூடச் சரி.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு விடை சொல்லமாட்டேன். நீங்கள் எழுதியதையே திருப்பிக் கேட்கிறேன். ஏறும் பகுதியில் உப்பு வெளியே போய்விட்டது, நீர் உள்ளேயே நிற்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அங்கிருந்து வெளிவரும் திரவம் எப்படி இருக்கும்? புத்தகத்தைத் திறக்க வேண்டாம்.


மஞ்சள்கோடு:

நீர்த்துப் போயிருக்கும்! உப்பு போய் நீர் நின்றால் அடர்த்தி குறையத்தானே வேண்டும். நானே எழுதிவிட்டு நானே பார்க்கவில்லை.

அப்படியானால் அடர்த்தியாவது இன்னும் தள்ளி. சேகரிப்பு நாளம். அது மறுபடி அதே மெடுல்லா வழியாகக் கீழே இறங்குகிறது. வெளியே உப்பு காத்திருக்கிறது. நாளத்தின் சுவர் நீரை விட்டால் நீர் வெளியே போய்விடும், உள்ளே இருப்பது அடர்த்தியாகும். சுவர் நீரை விடுவதற்கு ஒரு ஹார்மோன் வேண்டும், பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது. திறக்கவில்லை, திணறிக்கொண்டிருக்கிறேன்.

ஏ.டி.எச். வந்துவிட்டது அக்கா.


பழையநோட்டு:

வளைவு அடர்த்தியான மெடுல்லாவை உருவாக்கித் தருகிறது, நாளம் அதைப் பயன்படுத்துகிறது. கேள்வியில் ‘எப்படி உதவுகிறது’ என்று கேட்டது இதைத்தான். ‘ஏறும் பகுதி முடிவில் நீர்த்த திரவம்’ என்பதை மட்டும் சிவப்பில் எழுதி வையுங்கள். நாளைக்கு முதல் வேலையாக ‘யு’ வரைந்து, அம்புக்குறி போட்டு, இதையே மறுபடி முதலிலிருந்து எழுதுங்கள். அப்புறம் நான்கு நாள் கழித்து ஒரு முறை. அன்று ஏ.டி.எச். குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.